கடவுள் விட்ட வழி

சகோதரிகளே, இந்த வாரம் உங்களுக்கு ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். எழுதியவள் பெரிய மேதாவி அல்ல. பதினாலு வயதுச் சிறுமி. பெயர் பெத்தானி ஹாமில்டன். பெரியவர்கள் இருவர் துணையோடு அவள் எழுதிய 'ஸோல் ஸர்ஃபர்' 2004-ல் வெளிவந்தது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாய் அவள் ஊர். கிறிஸ்தவக் குடும்பம். தாய் தகப்பன் இருவருக்கும் அலைச்சறுக்கு என்றால் உயிர். நீளப் பலகையில் குப்புறப் படுத்து, கைகளையே துடுப்பாக்கிக் கடலுக்குள் போக வேண்டும். பெரிய அலை எழும்பும் சமயம் பார்த்துப் பலகைமேல் எழுந்து நின்று, அலையோடு சறுக்கி வரவேண்டும். இதுதான் விளையாட்டு. மகளும் சிறு வயதிலேயே இதில் தேர்ந்துவிட்டாள்.

2003 அக்டோபர் 31, காலை வேளை. பதின்மூன்று வயதுப் பெத்தானி, இடது கையைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பலகைமேல் படுத்திருக்கிறாள். பதினாலு அடி நீளப் புலிச்சுறா ஒன்று வந்து, தோளுக்குச் சற்றுக் கீழே கையைத் துண்டித்துக்கொண்டு போய்விட்டது! கூட வந்த தோழியின் தகப்பனார், பலகையைக் காலோடு பிணைக்கும் கயிற்றை எடுத்து இறுக்கிக் கட்டினார். அதனால்தான் உயிர் தங்கியது. உடம்பிலிருந்த ரத்தத்தில் பாதிக்கு மேல் போய்விட்டதாம். அன்று அதே ஆஸ்பத்திரியில் அவள் தந்தைக்கு முழங்காலில் ஆபரேஷன் நடக்க இருந்தது. அவரை ஒதுக்கிவிட்டு, அந்த அறையிலேயே மகளுக்குச் சிகிச்சை செய்தார்கள். அந்தத் தகப்பன் மனம் என்ன பாடுபட்டிருக்கும், யோசித்துப் பாருங்கள்!

ஆனால் சுறாவைப் பற்றிய பக்கங்களைவிட, பிறகு வரும் பக்கங்கள்தாம் எனக்குப் பிடித்தன. ஒரு கையால் உடுத்திக்கொள்வது எப்படி? ஆரஞ்சுப் பழத்தை உரிப்பது எப்படி? கால்களுக்கு நடுவில் பழத்தை இடுக்கிக்கொண்டு உரிக்கக் கற்றுக்கொண்டாளாம்! இரண்டு கையிருந்தும் அடுப்படியில் அலுத்துக்கொள்கிற நமக்கு இது உறைக்கத்தான் செய்கிறது.

ஒரு மாதம் முடியுமுன்பே மறுபடி கடலுக்குப் போனாள். நம் வீடாக இருந்தால் விடுவோமா? மாடிப்படியில் வழுக்கி விழுந்த குழந்தையையே ஒரு மாதம் மாடிப்பக்கம் போக விடமாட்டோமே! அவள் தந்தையோ தாமும் தண்ணீரில் இறங்கி நின்று, "இன்னொரு தடவை முயன்று பார்" என்று உற்சாகப்படுத்தினார். சில தடவை தவறிய பிறகு எழுந்து நின்றாள். பிற்பாடு, ஒற்றைக் கையால் பற்றிக்கொள்ள அவள் பலகையில் ஒரு கைப்பிடியும் பொருத்திக் கொடுத்தார் அவர். 2005-ல் அமெரிக்க மாணவர்களுக்கான தேசியப் போட்டியில் அவளுக்கு முதலிடம் கிடைத்தது.

"எனக்கு ஏன் இப்படி?" என்ற கேள்வி அவளுக்கும் வராமலில்லை. கடவுள் நம்மைப் பற்றி நன்மையே நினைக்கிறார் என்று கூறும் எரேமியா ஆகமத்து வசனம் ஒன்றைப் பற்றிக்கொண்டாள். தனக்கு நேர்ந்ததிலும் அவர் ஒரு காரியம் வைத்திருப்பார் என்று நம்பினாள்.

"கடவுள் விட்ட வழி" என்று நாமும்தான் சொல்கிறோம். விபத்திலே கால் போன பெண்ணைப் பற்றியும், இளம் வயதில் கணவனை இழந்தவளைப் பற்றியும் சொல்கிறோம். சொல்லிவிட்டு அவளை ஒரு மூலையில் உட்கார்த்தி வைத்துவிடுகிறோம். வழி என்றால் நடப்பதற்கு அல்லவா? அந்தச் சிறுமி அப்படித்தான் புரிந்துகொண்டாள்.

2004 டிசம்பர் 26-ல் நம் நாகப்பட்டினத்தைச் சூறையாடிய சுனாமி, தாய்லாந்தையும் தாக்கியது அல்லவா? மறு வருஷம் பெத்தானி அங்கே போனாள். கடல் என்றாலே நடுங்கிய குழந்தைகளைத் திரும்பவும் தண்ணீருக்குப் பழக்க உதவினாள். அவர்களைக் கூப்பிட அவளைவிடத் தகுதியானவர் யார்?

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ மூலையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், அவளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். முக்கியமாக, அவளை வெளியே விடப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்லுங்கள்.