பனிமலையைத் தேடுமுன் பள்ளி நாட்காட்டியைப் பாருங்கள்!



ஆண்டு முழுவதும் சேமித்து, பிள்ளைகளை ஒருமுறையேனும் பனிச்சறுக்குக்கு அழைத்துச் செல்ல விரும்பும் குடும்பங்கள் நம் சிங்கப்பூரில் பல உண்டு. அவ்விருப்பத்தில் நான் குறை காணவில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நம் பிள்ளைகள் பனியைத் தொட்டு உணர்வதும் கல்வியே. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைத்தான் கண்டிக்கிறேன்.

முதலில் ஊரின் பெயர், அடுத்து ஓர் அழகிய படம், அதற்கடுத்து விமானச்சீட்டின் விலை. பள்ளியின் நினைவு கடைசியில்தான் வருகிறது! "ஜனவரியில்தான் பனி நிறைய இருக்கும், விலையும் குறையும், ஒரு வாரம் விடுப்பு வேண்டும்" என்கின்றனர் பெற்றோர். புத்தாண்டுக் கூட்டம் கலைந்தபின் தங்குமிட விலை இறங்குவது உண்மைதான். ஆனால் அந்த வாரத்தில்தான் பிள்ளை புதிய வகுப்பையும் புதிய ஆசிரியரையும் அறிந்துகொள்கிறது. மேலும், வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்குத் தமிழ் ஒலிக்கும் இடம் பெரும்பாலும் நம் வகுப்பறை ஒன்றுதான். ஆறு வார விடுமுறையில் தமிழைக் கேளாத செவிக்கு ஏழாவது வாரமும் வேண்டுமா?

வள்ளுவர் காலமறிதலை 49ஆம் அதிகாரமாகவும் இடனறிதலை 50ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். அவர் கூறியது அரசனுக்கு. எனினும் அவ்வரிசை குடும்பத் தலைவர்க்கும் பொருந்தும். காலத்தை முதலில் முடிவு செய்தால், இடம் தானே தெளிவாகும். நம் விடுமுறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

ஜூன் விடுமுறையில் பலர் ஆஸ்திரேலியாவை நாடுகின்றனர். அங்குப் பனிச்சறுக்குக் காலம் ஜூன் மாத இரண்டாம் வாரத்தில் அரசர் பிறந்தநாள் விடுமுறையை ஒட்டித் தொடங்குகிறது. ஆனால் அது நாட்காட்டியின் தொடக்கமே; பனியின் தொடக்கமன்று! அந்நாட்டுப் பெருநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான கோசியஸ்கோவே 2,228 மீட்டர்தான். நல்ல பனி ஜூலை, ஆகஸ்டில்தான் சேர்கிறது. அப்போது நம் பிள்ளைகள் வகுப்பில் இருப்பர்.

செப்டம்பரின் ஒரு வார விடுமுறையைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. நியூசிலாந்தின் தென்தீவில் அப்போதும் பனி உண்டு. கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத்தில் மவுண்ட் ஹட் இருக்கிறது. குவீன்ஸ்டவுனை அடுத்துக் கோரோனெட் பீக் இருக்கிறது. இளவேனில் தொடங்கும் பருவமாதலால் கற்கும் பிள்ளை கடுங்குளிரில் வாட வேண்டியதில்லை. ஆனால் தொடக்கநிலை ஆறில் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது கூடாது. இறுதித் தேர்வு அம்மாதத்தில்தான் நெருங்குகிறது.

டிசம்பருக்கு என் பரிந்துரை ஜப்பானின் ஹொக்கைடோ. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு அத்தீவின் மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரத்தில் அங்குத் தொடக்கநிலையாளர்க்குப் போதுமான பனி பெரும்பாலும் இருக்கும். உச்ச விலையும் வந்திராது. கொரியாவில் பெரும்பாலும் இயந்திரங்கள் தூவும் செயற்கைப் பனியே. டிசம்பர் தொடக்கத்தில் சில சரிவுகளே திறந்திருக்கும். சறுக்கப் பழக அது போதும். பனிபொழியும் காட்டைக் காண அது போதாது. ஐரோப்பாவிலோ உயரமே பனியை முடிவு செய்கிறது. 2,300 மீட்டர் உயரத்தில் உள்ள வால் தோரான்ஸ் போன்ற ஊர்களை டிசம்பரில் நம்பலாம். ஆயிரம் மீட்டர் உயரத்துச் சிற்றூர்களை அவ்வாறு நம்ப இயலாது.

"நிசேக்கோ சென்றோம் என்று சொல்வதில் ஒரு பெருமை இருக்கிறதே!" எனச் சிலர் வாதிடுவர். பெருமை யாருக்கு? முதன்முறை சறுக்கும் பிள்ளை முதல் மூன்று நாள்களையும் ஒரு சிறு சரிவிலேயே கழிக்கும். கால் இறுகும் காலணியில் நடக்கவும், விழவும், எழவும், நிற்கவும் கற்கும். மலையுச்சி வரை செல்லும் நுழைவுச்சீட்டு அதற்கு எதற்கு? நிசேக்கோவில் ஆங்கிலத்தில் கற்பிக்கும் பயிற்றுநர்கள் எளிதில் கிடைப்பது உண்மையான நன்மை. அதற்காகச் செல்வதானால் செல்லுங்கள். டோக்கியோவுக்குச் செல்லும் குடும்பம் ஒருநாள் மட்டும் பனியைக் காண விரும்பினால் காலா யுசாவா போதும். ஷிங்கான்சென் விரைவு ரயிலில் ஏறத்தாழ 80 நிமிடப் பயணம். நிலையமே சறுக்குத் தளத்தோடு இணைந்திருக்கிறது. அதன் பருவம் டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகே தொடங்கும் என்பதை மட்டும் மறவாதீர்.

ஆகவே பெற்றோர்களே, பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். நம் விடுமுறை நாள்களில் அங்குப் பனி இருக்குமா? பிள்ளைக்குப் புரியும் மொழியில் பயிற்சி உண்டா? தொடக்கநிலையாளர்க்கான சரிவு அன்று திறந்திருக்குமா? பயணக் காப்புறுதி பனிச்சறுக்கு விபத்தையும் உள்ளடக்குமா? ஒன்றுக்கேனும் தெளிவான விடை இல்லையெனில் வேறு இடம் தேடுங்கள்.

ஆசிரியர்களே, விடுப்புக் கடிதம் வந்தபின் வருந்திப் பயனில்லை. ஆண்டின் தொடக்கத்திலேயே பள்ளி நாட்காட்டியைப் பெற்றோரின் கையில் கொடுத்து, பயணத்தை அதிலிருந்து திட்டமிடச் சொல்லுங்கள். பனி அடுத்த ஆண்டும் பொழியும். பிள்ளை தவறவிட்ட முதல் வாரம் மீண்டும் வாராது.