மாதம் பிறந்தால் உதவித்தொகை வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அறிவியல் ஆராய்ச்சிக்கு இளைஞர்கள் வரத் தயங்குகிறார்களே என்று தங்கள் இதழ் தலையங்கத்தில் கவலைப்பட்டிருந்தது. நியாயமான கவலைதான். வந்து சேர்ந்தவர்களை என்ன பாடு படுத்துகிறோம் என்பதையும் எழுதியிருந்தால் காரணம் விளங்கியிருக்கும். நான் ஒரு பல்கலைக்கழக வைராலஜி ஆய்வகத்தில் டெங்கு வைரஸ் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தவள். எங்களுக்கு மாதாமாதம் வர வேண்டிய உதவித்தொகை மாதக்கணக்கில் வருவதில்லை. திடீரென ஒருநாள் மொத்தமாக வரும். பிறகு மறுபடி நின்றுபோகும்.

எங்கள் வேலை எப்படிப்பட்டது என்பது வெளியே அதிகம் தெரியாது. வைரஸ் தனியாக வளராது. உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். அதனால் எங்கள் பொழுதில் பெரும்பகுதி செல்களைப் பேணுவதிலேயே போய்விடும். குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவான வீரோ செல்களுக்கு 37 டிகிரி வெப்பம் வேண்டும். கொசுவிலிருந்து உருவான சி6/36 செல்களுக்கு 28 டிகிரி. அவை வளரும் சத்துக் கரைசலான மீடியாவை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிளாஸ்க் நிறைந்துவிட்டால் பிரித்து வேறு பிளாஸ்க்கில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி எல்லாம் அந்தச் செல்களுக்குக் கிடையாது. குடம் பாலில் விழுந்த துளி மோர் போல, அசந்த நேரத்தில் நுழையும் ஒரு பாக்டீரியா மொத்த வளர்ப்பையும் கெடுத்துவிடும். வைரஸின் அளவைக் கணக்கிடும் பிளாக் அஸ்ஸே சோதனை போட்டால் முடிவு தெரியப் பல நாள் ஆகும். நடுவில் இன்குபேட்டர் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இரவில் மின்சாரம் போய் ஜெனரேட்டரும் கிளம்பாவிட்டால், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸரில் உள்ள நோயாளிகளின் மாதிரிகளைக் காப்பாற்ற விடுதியிலிருந்து ஓடுவதும் நாங்கள்தான்.

2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். தொகை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆகவும், அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) 35,000-லிருந்து 42,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. நல்ல தொகைதான், கைக்கு வந்தால். வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது, வேறு ஊதியம் பெறக் கூடாது என்பது இந்த உதவித்தொகையின் விதி. முழுநேர ஆய்வுக்கு அந்த விதி தேவை. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் வேறு வருமானத்துக்கு வழியை அடைத்துவிட்டு, கொடுக்க வேண்டியதையும் கொடுக்காமல் இருப்பது எந்த ஊர் நியாயம்? உதவித்தொகை தாமதமானால் எங்களுக்கு விளக்கம்கூட வருவதில்லை. மெஸ் கட்டணம் தாமதமானால் மட்டும் அபராதம் தவறாமல் விழுகிறது. வீட்டிலிருந்து பணம் வரக்கூடியவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, வீட்டுக்கே பணம் அனுப்ப வேண்டிய நிலையில் உள்ளவர்கள் பாதியில் விலகுகிறார்கள். தகுதித் தேர்வில் வென்றவர்களை இப்படி வசதியைக் கொண்டு மறுபடி வடிகட்டுகிறோம்.

கேட்டால், "மேலிருந்து பணம் வரவில்லை" என்பார்கள். பாதி உண்மை. இன்னார் இந்த மாதம் ஆய்வில் இருந்தார் என்று நெறியாளர் கையெழுத்திட வேண்டும். துறைத்தலைவர் அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் இணையத்தில் பதிவிட, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். இதில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதம் போச்சு. இரண்டு ஆண்டு முடிந்து எஸ்.ஆர்.எஃப். ஆக உயரும்போது மதிப்பீட்டுக் குழு கூட வேண்டும், கோப்பு நகர வேண்டும், அங்கேயும் தேக்கம். டெல்லியின் பங்கும் குறைவில்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறுவோர் 2024-25-இல் மாதக்கணக்கில் பணமின்றித் தவித்தது செய்தியானது. பணம் வழங்கும் முறையை மாற்றியதே காரணம் என்றார்கள். முறையை மாற்றுகிறவர்கள், அது முடியும்வரை மாணவர் எதைச் சாப்பிடுவார் என்று யோசித்திருக்க வேண்டாமா?

இது எங்கள் வயிற்றுப்பாட்டோடு முடிகிற விஷயமில்லை. கைகளில் உயிருள்ள வைரஸை வைத்து வேலை செய்கிறவர் வாடகைக் கடனை நினைத்துக் கவனம் சிதறக் கூடாது. ஒரு ஊசி குத்தினாலே ஆபத்து. தொற்று பரவும்போது நாடு நம்புவதும் இத்தகைய ஆய்வகங்களைத்தான். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸை முதலில் கண்டறிந்தது மணிப்பால் பல்கலைக்கழகத்தின் வைரஸ் ஆய்வு மையம். 2020-இல் கொரோனா பரிசோதனைக்குப் பல்கலைக்கழக ஆய்வகங்களையும் அரசு துணைக்கு அழைத்தது. நான் மேலே சொன்ன கொசுச் செல்கள்கூட 1967-இல் புனேயில் உருவாக்கப்பட்டவற்றின் வழிவந்தவைதான். இன்று உலகெங்கும் டெங்கு ஆய்வகங்களில் அவை இருக்கின்றன. தொற்று வந்தபின் அவசரமாகத் தேடினால் பயிற்சி பெற்ற கைகள் கிடைக்காது. அவை உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

நாங்கள் கேட்பது சலுகை அல்ல. ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட தேதிக்குள் உதவித்தொகை வங்கிக் கணக்கில் சேர வேண்டும். எங்கள் விண்ணப்பம் யார் மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்பதை நாங்களே இணையத்தில் பார்க்க வழி வேண்டும். நிதி வரத் தாமதமானால் பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து முன்பணம் கொடுத்து, பிறகு ஈடுசெய்துகொள்ளலாம். உதவித்தொகை நிலுவையில் உள்ளவரிடம் விடுதி அபராதம் வசூலிப்பதை உடனே நிறுத்த வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ கூடுதல் செலவோ தேவையில்லை. உயர்கல்வித் துறையும் துணைவேந்தர்களும் மனம் வைத்தால் அடுத்த மாதமே தொடங்கலாம். தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஆய்வு மாணவி