விண்டோஸ் 11-க்கு மாறினால் பேஜ்மேக்கர் ஓடுமா? பழைய தமிழ்க் கோப்புகளைக் காப்பாற்றுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று அறிவித்தது. எனவே விண்டோஸ் 11-க்கு மாறுவதைப் பலரால் தள்ளிப்போட முடியவில்லை.

இதில் அதிகம் யோசிக்க வேண்டியவர்கள் டி.டி.பி. கடைக்காரர்கள், சிறு அச்சகத்தார், சிறு பதிப்பகத்தார். "புது சிஸ்டம் போட்டா பேஜ்மேக்கர் ஓடுமா? பழைய ஃபைல் எல்லாம் தொறக்குமா?" என்பதுதான் இவர்களுடைய கவலை. கேட்க ஒன்றுபோல இருந்தாலும் இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். மென்பொருள் போனால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். கோப்பு போனால் போனதுதான்.

பழைய மென்பொருள் ஏன் மக்கர் பண்ணுகிறது?

பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்தது 2001-ல். அதன் பிறகு அடோபி நிறுவனம் இன்டிசைன் பக்கம் போய்விட்டது. விண்டோஸ் எக்ஸ்பி-க்குப் பிறகு வந்த விண்டோஸ் எதற்காகவும் பேஜ்மேக்கர் திருத்தப்படவில்லை.

விண்டோஸ் 11-ல் 64-பிட் பதிப்பு மட்டுமே இருக்கிறது. அதில் 32-பிட் மென்பொருள் ஓடும், 16-பிட் மென்பொருள் ஓடாது. 1990-களில் வந்த சில மென்பொருள்கள் 32-பிட்டாக இருந்தாலும் அவற்றின் இன்ஸ்டாலர் 16-பிட்டாக இருக்கும். அதனால் இன்ஸ்டால் செய்யும்போதே நின்றுவிடும்.

அடுத்த சிக்கல் டிரைவர். பழைய 32-பிட் டிரைவர்களை 64-பிட் விண்டோஸ் ஏற்காது. பழைய பிரின்டர், ஸ்கேனர் ஆகியவற்றோடு, சில இந்திய மொழி மென்பொருள்களுக்குப் பூட்டுபோல வந்த டாங்கிளும் இதனால் வேலை செய்யாமல் போகும்.

ஓட வைக்க என்ன வழி?

முதலில் மென்பொருளின் ஐகானை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் உள்ள கம்பேட்டிபிலிட்டி பகுதியில் பழைய விண்டோஸைத் தேர்வு செய்து பார்க்கலாம். சில மென்பொருள்கள் இதிலேயே ஓடிவிடும். ஆனால் டிரைவர் பிரச்சினை இதில் தீராது.

சரிவரவில்லை என்றால் வெர்ச்சுவல் மெஷின் இருக்கிறது. வெர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள் மூலம், புதிய கணினிக்குள்ளேயே பழைய விண்டோஸைத் தனியாக ஓட்டலாம். அந்தப் பழைய விண்டோஸுக்கு இணைய இணைப்பு மட்டும் கொடுக்கவே கூடாது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத சிஸ்டத்துக்கு அதுதான் ஆபத்து.

எழுத்துகள் ஏன் குழம்புகின்றன?

யூனிகோடு பரவுவதற்கு முன்பு, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து ஃபான்ட் தயாரித்தார்கள். பாமினி அப்படிப்பட்டதுதான். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எழுத்துகளை அடுக்கியதால், ஒரு ஃபான்டுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டும் படிக்க முடியாது. 1999-ல் டாம், டாப் குறியாக்கங்களையும், 2010-ல் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. ஆனால் அதற்குள் கடைகளில் கோப்புகள் குவிந்துவிட்டன.

டைப்-1 வகை ஃபான்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து இன்டிசைன் உள்ளிட்ட அடோபி மென்பொருள்களின் புதிய பதிப்புகளில் அவை வேலை செய்வதில்லை.

பிடிஎஃப் எடுத்தால் போதாதா?

போதாது. ஃபான்டை உள்ளே சேர்த்து எடுத்த பிடிஎஃப், பக்கத்தின் தோற்றத்தைக் காப்பாற்றும். ஆனால் அதிலிருந்து ஒரு பத்தியை காப்பி செய்தால் மீண்டும் அதே குழப்பம்தான் வரும். சொல் தேடவும் முடியாது. தோற்றத்துக்கு பிடிஎஃப், உள்ளடக்கத்துக்கு யூனிகோடு என இரண்டும் தேவை.

யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒருமுறை பிழை திருத்தியே ஆக வேண்டும். பழைய ஃபான்ட்களில் 'ள' எழுத்தும் 'கௌ'வில் வரும் துணை எழுத்தும் ஒரே வடிவம். ஆகவே 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்று மாறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது.

மாறுவதற்கு முன் செய்ய வேண்டியவை

* பழைய கணினி ஓடும்போதே எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்டு டிஸ்க் இரண்டில் நகல் எடுக்கவும்.
* ஃபான்ட் கோப்புகளையும் இன்ஸ்டால் சிடி, சீரியல் எண்ணையும் அதே டிஸ்கில் சேர்க்கவும். எந்தக் கோப்பில் எந்த ஃபான்ட் என்று எழுதி வைக்கவும்.
* முக்கியமானவற்றை பிடிஎஃப் ஆக்கவும். வெறும் டெக்ஸ்ட்டை ஏற்றுமதி செய்து யூனிகோடுக்கு மாற்றவும்.
* இன்டிசைன் சிஎஸ்6 வைத்திருந்தால் அழிக்க வேண்டாம். பேஜ்மேக்கர் 6.0 முதலான கோப்புகளை அது திறக்கும். பிறகு வந்த இன்டிசைன் சிசி பதிப்புகள் திறக்காது. லிப்ரே ஆபீஸ் டிராவிலும் திறந்து பார்க்கலாம், பக்க அமைப்பு அப்படியே வரும் என்று சொல்ல முடியாது.
* விண்டோஸ் 10 கணினியையே 11-க்கு மாற்றினால், பிடிக்காவிட்டால் திரும்ப 10 நாள்தான் அவகாசம். முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிடவும்.

மூலையில் கிடக்கும் பழைய கணினியை எடைக்குப் போடுவதற்கு முன்பு இந்த வேலைகள் முடிந்திருக்க வேண்டும். பல சிறு பத்திரிகைகளுக்கும் ஊர் மலர்களுக்கும் வேறு பிரதி எங்கும் இருக்காது.