பிறவிக் குறைகளும் நமது கடமையும்

உதடு பிளந்த குழந்தை ஒன்று பிறந்துவிட்டால், கிரகணத்தன்று தாய் வெளியே நடமாடியதன் பலன் என்று கூறும் வழக்கம் நமது ஜனங்களிடையே இன்னும் அடியோடு ஒழிந்தபாடில்லை. பாதம் வளைந்து பிறந்தால் பூர்வ ஜன்ம வினை என்கிறார்கள். பழி பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகிறது. இதனால் அந்த மாதுக்கு நேரும் மனவேதனை ஒருபுறமிருக்க, குழந்தைக்கு நேரும் நஷ்டம் அதனினும் பெரிது. வெட்கத்தினால் குழந்தையை வீட்டுக்குள் மறைத்து வைக்கிறார்கள். சிகிச்சைக்குரிய காலம் வீணே கழிந்துபோகிறது. பிறவிக் குறை விஷயத்தில் காலம் கழிவதுதான் பெரிய அபாயம் என்பதை நாம் இன்று வற்புறுத்திக் கூற விரும்புகிறோம்.

இது ஏதோ சில குடும்பங்களின் துரதிருஷ்டம் என்று எண்ணுவது தவறு. நமது தேசத்தில் ஆண்டுதோறும் சுமார் 17 லட்சம் சிசுக்கள் ஏதேனும் ஒரு பிறவிக் குறையுடன் பிறப்பதாக மத்திய சர்க்காரின் வழிகாட்டிப் பிரசுரமே மதிப்பிட்டிருக்கிறது. இந்நிலையை உத்தேசித்தே 2013-ஆம் வருஷத்தில் ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம் என்ற திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, வளைபாதம், முதுகெலும்புப் பிளவு முதலான நரம்புக்குழாய்க் குறைகள், பிறவிக் கண்புரை, காது கேளாமை, இருதயக் கோளாறு ஆகியவையெல்லாம் சிசுப் பருவத்திலேயே தேடிக் கண்டறிய வேண்டியவை என்று அத்திட்டம் வகுத்திருக்கிறது. திட்டம் சிறந்தது என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. அது நிறைவேறும் விதத்தைப் பற்றியே நமது கேள்வி.

ஒவ்வொரு குறைக்கும் ஒரு தவணை உண்டு. வளைபாதத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை ஏற்படுகிறது. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் இக்னேஷியோ பொன்செட்டி வகுத்த முறைப்படி, பிறந்த சில வாரங்களுக்குள் பாதத்தை மெல்லத் திருத்தி, வாரம் ஒருமுறை மாவுக்கட்டு மாற்றி வந்தால், ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிவிடுகிறது. குதிகால் தசைநாணை வெட்டிவிடும் சிறு சிகிச்சையும் பெரும்பாலும் தேவைப்படும். எலும்புகள் இளசாயிருக்கும் காலத்தில் எளிதான இக்காரியம், நாட்செல்லச் செல்லக் கடினமாகிறது.

வளைபாதமாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதவை அதனினும் கொடியவை. பிறவிக் கண்புரையை முதல் ஆறு, எட்டு வாரங்களுக்குள் அகற்றாவிடில், பார்க்கக் கற்றுக்கொள்ளும் சக்தியை மூளையே இழந்துவிடக்கூடும். பிறகு கண் திறந்திருந்தும் பயனில்லை. டாக்டர் இருட்டறையில் சிறு விளக்கொளியைக் குழந்தையின் கண்மணியில் செலுத்திப் பார்த்தால் போதும். சிவந்த ஒளி திரும்பாவிட்டால் சந்தேகம் கொள்ளலாம். காது கேளாமையை ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் நிச்சயித்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது நிபுணர்களின் விதி. சில இருதயக் கோளாறுகளில், கர்ப்பத்தில் திறந்திருந்த ரத்தக்குழாய் ஒன்று மூடும்வரை குழந்தை சுகமாகவே தோன்றும். அது மூடியதும், வீடு திரும்பிய சில நாட்களில் உயிருக்கே ஆபத்து நேரிடும். கையிலும் காலிலும் ஒரு சிறு கருவியை வைத்து ரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளந்தால், இவற்றில் பலவற்றை முன்கூட்டியே அறியலாம்.

தைராய்டு சுரப்பிக் குறை மற்றொன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஐந்து நகரங்களில் லட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களைச் சோதித்ததில், சுமார் 1,100 குழந்தைகளுக்கு ஒன்று வீதம் இக்குறை காணப்பட்டது. முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை கொடுத்தால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தவறினால் புத்தி வளர்ச்சி குன்றிவிடும். குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்தாலே தெரிந்துவிடும் இச்சோதனையை, 2013 திட்டம் ராஜ்ய சர்க்கார்களின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது! மாத்திரையின் விலையோ சொற்பம். இதில் சிக்கனம் பார்ப்பது எந்த நீதியின்பாற்பட்டது என்று கேட்கிறோம்.

இத்திட்டத்தின் நடமாடும் வைத்தியக் குழு, அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரண்டு தடவை வருகிறது. ஆறு வாரத் தவணையுள்ள நோயை ஆறு மாதத்துக்கொருமுறை வருபவர்கள் எவ்வாறு பிடிக்க முடியும்? ஆகவே, பாரம் முழுவதும் பிரசவ ஆஸ்பத்திரியில் நடக்கும் முதல் பரிசோதனையின் மீதும், வீடு தேடி வரும் கிராம சுகாதார நர்ஸின் மீதுமே விழுகிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நடப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல சர்வே கூறுகிறது. இத்தகைய வாய்ப்பைப் பெற்றிருந்தும் ஒரு குழந்தையேனும் சோதிக்கப்படாமல் வெளியேறுமானால், அதற்கு வறுமையைக் காரணம் காட்ட முடியாது, அசிரத்தையே காரணம்.

கண்டுபிடிப்பது பாதி வேலைதான். வளைபாதம் நேரான பின்னரும் நான்கு வயது வரை இரவில் விசேஷ ஜோடு அணிவித்தாக வேண்டும். விட்டால் மறுபடி வளையும். ஜில்லாத் தலைநகரிலுள்ள சிகிச்சை நிலையத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழக்கும் ஏழைத் தகப்பன், எத்தனை முறை வருவான்? வராதவனைக் குறை கூறுமுன், அவன் வர வழி செய்திருக்கிறோமா என்று சர்க்கார் யோசிக்க வேண்டும்.

எல்லாக் குறைகளையும் தடுக்க முடியாது. சிலவற்றைத் தடுக்க முடியும். நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாட்களுக்குள், அதாவது பல மாதர்கள் தாம் கர்ப்பிணி என்று அறியுமுன்னரே, மூடிவிடுகிறது. எனவே, ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்குவது அவசியம். முந்தைய பிரசவத்தில் இக்குறை கண்ட தாய்மார்களிடையே, மீண்டும் நேருவதை இது நூற்றுக்கு 72 பங்கு குறைத்தது என்று 1991-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்று நிரூபித்தது. உறவுக்குள் மணம் செய்யும் நமது வழக்கம் அபாயத்தை அதிகரிக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பிறவிக் குறையுள்ள குழந்தையும் இத்தேசத்தின் பூரணப் பிரஜையே. அதற்கு உரியது நமது இரக்கமல்ல, உரிய காலத்துச் சிகிச்சை. சர்க்கார் ஆஸ்பத்திரியாயினும் தனியார் ஆஸ்பத்திரியாயினும், உச்சி முதல் உள்ளங்கால் வரை சோதித்து, அதன் விவரத்தை எழுத்தில் தாயின் கையில் கொடுத்த பின்னரே சிசுவை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தைராய்டு ரத்தச் சோதனை எல்லா ராஜ்யங்களிலும் கட்டாயமாக வேண்டும். தொடர் சிகிச்சைக்கு வருவோருக்குப் பிரயாணச் செலவு அளிக்கப்பட வேண்டும். பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்கள் தத்தம் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரிக்குச் சென்று, இவற்றில் எவை நடக்கின்றன, எவை நடக்கவில்லை என்று விசாரிக்கட்டும். கேட்பாரில்லாத இடத்தில் திட்டங்கள் காகிதத்திலேயே உறங்கும். சிசுவின் ஆறு வாரங்களோ ஒருவருக்காகவும் காத்திரா.