மகளுக்கு நாம் போடும் வேலி

பெற்றோரே, சம்பா நடவு நடக்கும்போது ஒரு நாள் வரப்பில் நின்று பாருங்கள். குனிந்த முதுகு நிமிராமல், சேற்றில் பின்னால் நகர்ந்தபடியே நாற்று நடுகிறார்கள் நம் பெண்கள். சாயங்காலம் கரையேறும்போது கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். வரப்பு வளையில் பாம்பு இருக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் இருக்கும்.

இதை நாம் என்றைக்காவது ஆபத்தான வேலை என்று சொல்லியிருக்கிறோமா? வரப்பில் அண்டை வெட்டுகிறவருக்கும் மருந்தடிக்கிறவருக்கும் கூலி கூட. ஏன் என்று கேட்டால், “அது ஆம்பளை வேலை, கஷ்டம்” என்கிறோம். மருந்தடிப்பது ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆபத்துக்குத்தான் கூலி என்றால் நடவுக்காரிக்கு மட்டும் ஏன் குறைகிறது?

ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976லேயே சட்டம் வந்தது. நடவு பெண் வேலை, அண்டை ஆண் வேலை என்று நாம் பிரித்துவைத்ததால் அந்தச் சட்டம் வயலுக்குள் இறங்கவே இல்லை.

வேலையின் கஷ்டத்தைப் பார்த்துக் கூலி தானாக ஏறிய மண் இல்லை இது. கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கேட்டால்தான் கூலி. கேட்பதற்குக் கையில் ஒரு தொழில் வேண்டும்.

இப்போது நடவு மெஷின் வந்திருக்கிறது, அறுப்பு மெஷின் வந்திருக்கிறது. குனிந்து நட்டவளுக்கு வேலை போனது. மெஷினில் ஏறி உட்கார்ந்தது ஆண்பிள்ளை. நம் பெண்ணுக்கு அதை நம்மில் யார் கற்றுக்கொடுத்தோம்? “ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கட்டுமாப்பா?” என்று மகள் கேட்டால், “கையெல்லாம் கிரீஸ், பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கும்மா?” என்று தையலுக்கு அனுப்புகிறோம். பிறகு, அவளாகத் தேர்ந்தெடுத்த வேலைக்கு அவ்வளவுதான் சம்பளம் என்று நியாயமும் பேசுகிறோம். தேர்ந்தெடுத்தது அவளா, நாமா? பிள்ளைகளில் ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது இதுதான்.

அரசுப் பள்ளியில் படித்த பெண் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் என்று 2022இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசு கைகொடுத்தும் வாசலை அடைத்து நிற்பது நாம்தான்.

பாம்பும் எலியும் உள்ள சேற்றுக்கு மகளை அனுப்பத் தயங்காத நாம், டிராக்டர் ஓட்ட அனுப்ப மட்டும் பயப்படுவது பாசம் இல்லை. இந்த வருஷம் அவள் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று முதலில் கேளுங்கள். கேட்டதில் சேர்த்துவிடுங்கள்.