டயருக்கு அதிகம் கொடுத்தோமா? பில்லைத் தூக்கிப் போடாதீங்க!

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்காத வடசென்னைவாசி இருக்க முடியாது. அந்த லாரி ஓனர்களிடம் பெரிய செலவு எது என்று கேட்டால், டீசலுக்கு அடுத்து டயரைச் சொல்பவர்கள்தான் அதிகம். அந்த டயர் விலையைக் கம்பெனிகள் கூடிப் பேசி வைத்திருந்தால்? அதிகம் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

வழக்கு என்ன?

டயர் டீலர்கள் கூட்டமைப்பின் புகாரில் தொடங்கியது இது. 2011-12 காலகட்டத்தில் ரப்பர் விலை இறங்கியும் டயர் விலை இறங்கவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு. லாரி, பஸ்களுக்கு ஓனர்கள் கடையில் மாற்றும் நைலான் டயர்கள் பற்றியது வழக்கு.

எம்.ஆர்.எஃப், அப்போலோ, ஜே.கே., சியட், பிர்லா ஆகிய ஐந்து நிறுவனங்களும், தங்கள் சங்கத்தின் வழியாக விலை தொடர்பான தகவல்களைப் பகிர்ந்து கூட்டாக முடிவெடுத்தன என்றது இந்தியப் போட்டி ஆணையம் (சி.சி.ஐ). மொத்த அபராதம் சுமார் 1,788 கோடி ரூபாய். திருவொற்றியூரில் 1946-ல் பலூன் தயாரிப்பில் தொடங்கிய எம்.ஆர்.எஃப்-க்கு மட்டும் 622 கோடி.

2018 ஆகஸ்ட்டில் எழுதப்பட்ட இந்த உத்தரவு, சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று சுற்றி, 2022 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உத்தரவில் கணக்குப் பிழைகள் இருப்பதாகச் சொல்லி, 2022 டிசம்பரில் வழக்கை மறுபடி ஆணையத்துக்கே அனுப்பியது. ஆக, அந்த உத்தரவை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

அபராதம் யாருக்கு?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அபராதம் வசூலானாலும் அது இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். டயர் வாங்கியவருக்கு ஒரு ரூபாய்கூட வராது.

நஷ்டஈடு வேண்டும் என்றால் போட்டிச் சட்டத்தின் 53என் பிரிவில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனு போட வேண்டும். ஒரே பாதிப்பு உள்ள பலருக்காக, அனுமதி வாங்கி ஒருவரே மனு போடவும் வழி உண்டு. ஆனால், 'கூட்டுச் சேர்ந்தார்கள்' என்று நிரூபணமானால் மட்டும் போதாது. 'எனக்கு இவ்வளவு நஷ்டம்' என்று காட்ட வேண்டும்.

நடக்காத விலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொடுத்த விலை பில்லில் இருக்கிறது. கூட்டு இல்லாமல் இருந்திருந்தால் என்ன விலை இருந்திருக்கும்? அது எந்த பில்லிலும் இருக்காது. அதைக் கணிப்பதுதான் பொருளாதார நிபுணரின் வேலை. வழக்கமான வழிகள் மூன்று:

• கூட்டு நடந்த காலத்தின் விலையை அதற்கு முன், பின் விலையோடு ஒப்பிடுவது.
• கூட்டு இல்லாத வேறு சந்தையின் விலையோடு ஒப்பிடுவது.
• தயாரிப்புச் செலவோடு நியாயமான லாபத்தைச் சேர்த்துப் பார்ப்பது.

எதிர்த் தரப்பு சும்மா இருக்காது. "ரப்பர் மட்டுமா? நைலான், கார்பன் பிளாக், டாலர் விலை எல்லாம் ஏறவில்லையா?" என்று கேட்கும். அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நஷ்டம்.

ஓர் உதாரணத்துக்கு, டயருக்கு 1,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். பத்துச் சக்கர லாரிக்கு 10,000. பத்து லாரி வைத்திருப்பவருக்கு ஒரு முறை டயர் மாற்றினாலே ஒரு லட்சம்.

"அதை வாடகையில் ஏற்றி வாங்கிவிட்டாரே" என்பது அடுத்த வாதம். அது உண்மையானால் நஷ்டம் சரக்கு அனுப்பியவருக்கு. கடைசியில் கடையில் அரிசி, பருப்பு வாங்கும் நமக்கு!

லண்டனில் நடந்தது

ஐரோப்பாவில் லாரி தயாரிப்பாளர்கள் 1997 முதல் 2011 வரை விலை விஷயத்தில் கூட்டுச் சேர்ந்ததாக 2016-ல் முடிவானது. அந்த லாரிகளை வாங்கிய பிரிட்டன் தபால் நிறுவனமான ராயல் மெயில், டாஃப் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. கூடுதல் விலையே இல்லை என்று வாதிட்டது டாஃப். இரண்டு தரப்பு நிபுணர்களையும் கேட்ட தீர்ப்பாயம், 2023 பிப்ரவரியில் 5 சதவிகிதம் என்று முடிவு செய்தது. அந்தச் சுமையை ராயல் மெயில் தன் வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதற்காக, நஷ்டமே இல்லை என்று ஆகிவிடாது என்பதே இதில் நமக்கான பாடம்.

என்ன செய்யலாம்?

இப்படிப்பட்ட வழக்குகள் பத்து வருஷத்தைத் தாண்டியும் இழுக்கின்றன. தீர்ப்பு வரும்போது பில் இருப்பவரால்தான் கணக்குக் காட்ட முடியும்.

• டயர் பில்லை ஜி.எஸ்.டி எண்ணோடு கேட்டு வாங்குங்கள். மை மங்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள்.
• எந்த லாரிக்கு, எந்தத் தேதியில், எத்தனை டயர் என்று எழுதி வையுங்கள்.
• வாடகை ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். வாடகையை ஏற்றினீர்களா என்ற கேள்விக்கு அதுதான் பதில்.
• தனி ஆளாக வழக்குச் செலவைத் தாங்குவது கஷ்டம். உங்கள் லாரி உரிமையாளர் சங்கத்தில் இதைப் பேசுங்கள்.