காவலில் இருக்கும் இரும்புக்கு யார் பொறுப்பு?

தேர்தல் அறிவிப்பு வந்ததும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது நெடுநாள் நடைமுறை. 2024இல் ஆந்திரத்தில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒருசேரத் தேர்தல் நடந்தது. மார்ச் 16 அன்று அறிவிப்பு. ஜூன் 4 அன்று முடிவு. இடையில் எண்பது நாட்கள். இந்த ஒப்படைப்பின் தேவையை நான் மறுக்கவில்லை. ஒப்படைக்கப்பட்ட பொருளின் எண்ணையும் உரிமத்தையும் பதிவேட்டில் ஏற்றுவதோடு காவல் என்னும் கடமை முடிந்துவிடுகிறதா என்பதே என் கேள்வி. வாங்கி வைத்தல் வேறு, காத்தல் வேறு. தமிழில் ‘காவல்’ என்ற ஒரே சொல் இரண்டையும் சுட்டுவதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை போலும்.

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், 13ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் குடிமகனைத் தனியே குறிப்பிடுகிறது. விஜயபுரம், நகரி, பலமநேர், குப்பம் என்று நீளும் சித்தூர் வட்டாரத்தில் காடும் கழனியும் அடுத்தடுத்து இருக்கின்றன. இத்தகைய நிலத்தில் அப்படியொரு துப்பாக்கி உழவருக்குக் கலப்பைக்கு அடுத்த கருவி. பெரும்பாலும் ஓசை எழுப்பி விலங்கை விரட்டுவதற்கானது. துரு அதிகம் தின்பதும் இந்த வகையைத்தான். காரணம் வேதியியலில் இருக்கிறது.

இரும்பு துருப்பிடிக்க நீர் சொட்ட வேண்டியதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினால் அரிப்பின் வேகம் சட்டென்று கூடுகிறது என்பதை வெர்னன் என்னும் ஆங்கிலேய வேதியியலாளர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காட்டிவிட்டார். பரப்பில் உப்போ தூசியோ இருந்தால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். வியர்வைக் கையால் குழலைத் தொட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்தால் சில வாரங்களில் விரல் ரேகையின் வடிவிலேயே துரு பூப்பது இதனால்தான். கருமருந்து எரிந்தபின் குழலுக்குள் படியும் கரியில் பொட்டாசிய உப்புகள் மிகுதி. அவை காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. பழைய வகைக் கேப்பில் பொட்டாசியம் குளோரேட்டு இருந்தால், வெடித்தபின் எஞ்சுவது சமையல் உப்பின் உடன்பிறப்பான பொட்டாசியம் குளோரைடு. எண்ணெயில் இது கரையாது. ஆகவே, சுட்ட துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்து வைப்பவர் உப்பை மூடி வைக்கிறார், அவ்வளவுதான். முதலில் வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பின்தான் எண்ணெய் பூச வேண்டும். இரும்பை நீரால் கழுவுவதா என்று தயங்குவோர் உண்டு. சூடான குழல் தானே விரைந்து உலரும். வெந்நீரைச் சொல்வதன் காரணமும் அதுவே.

எந்த எண்ணெய் என்பதும் சிறிய கேள்வி அன்று. வீட்டில் கைக்கெட்டுவது தேங்காய் எண்ணெய். ஒரு வாரத்திற்கு அது போதும். நாள்பட்டால் சிக்கு வாடை எடுக்கும். அப்போது பிரியும் கொழுப்பு அமிலம் உலோகத்துக்கு நல்லதன்று. வேறு சில தாவர எண்ணெய்கள் பிசினாய் இறுகி விசையையே பிடித்துக்கொள்ளும். நீண்ட இருப்புக்குக் கனிம எண்ணெயோ, அதைவிடக் கெட்டியான கிரீஸோதான் ஏற்றவை. இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கிகளைக் கடல் கடத்தவும் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் அடுக்கவும் ‘காஸ்மோலின்’ என்னும் மெழுகுக் களிம்பைத்தான் அப்பினார்கள். தோலுறைக்குள்ளோ தடித்த துணியுறைக்குள்ளோ வைப்பது காப்பு என்று பலரும் எண்ணுகிறோம். அவை ஈரத்தைப் பிடித்து இரும்போடு அணைத்து வைப்பவை. துப்பாக்கியைக் குழல்வாய் மேலாக நிறுத்தினால் வழியும் எண்ணெய் பிடிக்கட்டைக்குள் இறங்கி மரத்தை நைக்கும் என்பதும் அனுபவசாலிகள் அறிந்ததே.

இந்த அறிவுக்குச் சடங்கின் வடிவம் தந்த சமூகம் நம் அருகிலேயே இருக்கிறது. குடகில் நாற்று நடும் மழைக்காலத்தில் ஆயுதங்களைக் கன்னிக் கொம்பரை என்னும் வழிபாட்டு அறையில் வைத்துவிடுவது மரபு. நடவு முடிந்து, பயிரைப் பன்றியிடமிருந்து காக்க வேண்டிய பருவம் தொடங்கும்போது, செப்டம்பர் தொடக்கத்தில், கைல்போல்து என்னும் ஆயுதத் திருநாள் வருகிறது. ஆயுதங்களை வெளியே எடுத்துத் துடைத்து, செங்காந்தள் மலர் சூட்டி வணங்குகிறார்கள். மழைக்குப் பிந்தைய பராமரிப்பு நாள் என்று இதை வாசிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. நம் ஆயுத பூசையோ வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வருகிறது. மழைக்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் துடைத்து எண்ணெயிட அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. குழைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் மறுநாள் துடைத்துவிட வேண்டும் என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

அரசின் பொறுப்புக்கு வந்த ஆயுதம் பழைய இரும்பாவதற்கு நம் வரலாற்றில் ஒரு பெருஞ்சான்று உண்டு. 1855இல் தஞ்சையின் கடைசி மராத்திய மன்னர் சிவாஜி மறைந்தபின், அரண்மனைப் படைக்கலங்கள் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. சென்னை அருங்காட்சியகத்துக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டவை பிழைத்தன. பெருந்தொகையானவை பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. அதே அருங்காட்சியகத்தில்தான் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைந்தது. அங்கே பணியாற்றிய பரமசிவன், குளோரைடு நோய் கண்ட செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையில் மீட்ட பணி இத்துறையில் முன்னோடியானது. ஏறக்குறைய நூறாண்டு அனுபவமுள்ள ஓர் அரசு நிறுவனம் விஜயபுரத்திலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. சிற்பத்துக்குக் கிடைக்கும் அந்த அறிவு உழவனின் நாட்டுத் துப்பாக்கிக்குக் கிடைக்காததற்குக் காரணம் தொலைவன்று. ஒன்றைக் கலை என்றும் மற்றதை வெறும் உருப்படி என்றும் பிரித்து வைத்திருக்கும் நம் மனப்பழக்கம்.

இங்கே ஒரு மொழிக்குறிப்பு. துப்பாக்கி, குண்டைத் ‘துப்பு’வதால் பெற்ற பெயர் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பொருந்தாது; துருக்கிய, பாரசீக வழி வந்த கடன்சொல் அது. ஆனால் தெலுங்கில் ‘துப்பு’ என்றால் துரு. தமிழில் ‘துப்பு’ என்றால் தடயம். இரண்டு மொழியும் புழங்கும் எங்கள் எல்லை ஊர்களில் இது வெறும் வேடிக்கையாக நிற்பதில்லை. வழக்குச் சொத்தாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும் துப்பாக்கியில் தெலுங்குத் துப்பு தமிழ்த் துப்பைத் தின்றுவிடுகிறது. குழலின் உட்புறக் கீறல்கள் குண்டில் பதிக்கும் தடத்தைக் கொண்டுதான் தடய அறிவியலார் ஒப்பிடுகிறார்கள். துரு அந்தக் கீறல்களை அரித்தபின் ஒப்பிட என்ன இருக்கிறது? ஆய்வு முடியாத ஆயுதத்தைக் கழுவவும் கூடாது, எண்ணெய் பூசவும் கூடாது, படிவுகளும் சான்றுதான். அதற்கு உலர்ந்த சூழல் ஒன்றே வழி: இறுக மூடும் பெட்டி, சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் அதை மாற்ற ஓர் ஆள்.

தேர்தல் ஒப்படைப்பு அத்தகைய வழக்கன்று. அங்கே உரிமையாளர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர். பொருள் திரும்ப வேண்டியது. எனவே நான் கேட்பது மிகச் சிறியது. வாங்கும்போது, மருந்து கெட்டித்திருக்கவில்லை என்று உறுதி செய்தபின், குழலின் உள்ளும் புறமும் எந்நிலையில் இருந்தன என்று ரசீதில் இரண்டு வரி எழுதட்டும். மாதம் ஒருமுறை, காவலர் முன்னிலையில், உரிமையாளரே வந்து துடைத்து எண்ணெயிட அனுமதிக்கட்டும். அறைச் சுவரில் ஓர் ஈரமானி தொங்கட்டும். திருப்பித் தரும்போது அதே இரண்டு வரியை மீண்டும் எழுதட்டும். உட்குழல் குழிவிழத் துருவேறிய துப்பாக்கியில் மருந்து கெட்டித்துச் சுட்டால், மெலிந்த இடத்தில் குழல் பிளக்கக்கூடும். பிளப்பது சுடுபவரின் இடக்கைக்கு அருகில். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கியவருக்கு அந்தக் குழி வெளியே தெரியாது.

அந்த ரசீது தெலுங்கிலும் தமிழிலும் அச்சாக வேண்டும். துரு என்ற கட்டத்தில் எந்தச் சொல்லை இடுவது என்பதில் மட்டும் அச்சகத்தார் சற்றுக் கவனமாக இருக்கட்டும்.